பங்கைக் குறைத்த உத்திராபதி

உத்திராபதியின் மூக்கு மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் உடைத்தவர்கள் சொந்தக்காரர்கள். அந்நியர் யாரும் அந்த முகத்துக்கு அவ்வளவு அருகில் வரத் துணியவில்லை. கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு பாதை மணலில் போய் முடியும் இடத்தில் அவனுடைய குப்பம். வயது நாற்பதை ஒட்டி. குள்ளம்தான், ஆனால் உட்கார்ந்திருந்தால் பெரிய ஆளாகத் தெரிவான். கோபம் இல்லாத நேரத்தில் பரம சாது. அந்த நேரத்தில் அவனைப் பார்த்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான்.

குப்பத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வரப்போகிறது என்றபோது அதை எதிர்த்து முதலில் கை ஓங்கியவன் அவன்தான். சுனாமி தின்றது போக மிச்சமிருக்கும் கரையைக் கம்பெனி தின்னப் பார்க்கிறது என்று 2005இல் ஊர் கூடிப் பேசியது. அளவெடுக்க வந்த ஜீப்பை உத்திராபதி நாலைந்து பேரோடு சேர்ந்து தலைகீழாகக் கவிழ்த்தான். உள்ளே டிரைவர் இருந்தது கவிழ்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஆளை வெளியே இழுத்து, மணலில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, அவர் தெளிந்ததும் அடித்தான். கொஞ்ச நாள் ஜெயில். வெளியே வந்தவனைக் கம்பெனி கூப்பிட்டு, கேட் காவலுக்குத் தலைவனாகப் போட்டது. ஆலையை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று யோசித்தால், பெரும்பாலும் உத்திராபதியிடமிருந்துதான். ஆகவே அது சிக்கனமான ஏற்பாடு.

மொத்தம் நாற்பது காவல் வேலைகள். வீட்டுக்கு ஒன்று என்று ஊர்ப் பஞ்சாயத்து அவற்றை நாற்பது வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அன்று உத்திராபதி அம்மன் கோயில் வாசலில் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான்: ஏற்றிக்கொண்ட ஆளில் ஒருவனையும் நடுவில் இறக்க மாட்டேன்.

இது படகு வழக்கம். மீன் விற்ற பணத்தில் டீசல் செலவு போக மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். படகுக்கு இத்தனை, வலைக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று. மீன் குறைந்தால் பங்கு குறையும், ஆள் குறையமாட்டான். இன்றைக்கு மீன் படவில்லை என்று ஆட்களைக் கடலில் தள்ளிவிட்டுக் கரை திரும்பும் படகு இதுவரை கட்டப்படவில்லை. கேட்டையும் ஒரு படகு என்றே உத்திராபதி நினைத்தான். கம்பெனி அப்படி நினைக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

2008இன் நடுவில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. ஆலைக்குள் ஆள் உயரக் குழாய்கள் வந்து இறங்கின. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வெல்டர்கள் ரயில் ரயிலாக வந்தார்கள். கேட்டில் உத்திராபதிக்குச் சலாம் கூடியது. கூடவே டீசல் விலையும் ஏறியது. அதனால் அவனுடைய மனைவி அமிர்தத்தின் தம்பி பழனிவேலுக்கு வாழ்க்கை கசந்தது. அவன் படகுக்காரன். எண்ணெய் ஒன்றுதான், அக்காள் வீட்டில் அது சோறாகவும் தம்பி வீட்டில் பட்டினியாகவும் வந்து இறங்கியது.

ஒரு காதுகுத்து விருந்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது யாருடைய தவறு என்பது இன்றுவரை தெரியவில்லை.

“இன்னா மாமா, உங்க கம்பெனிக்காரன் ஏத்திகினே போறான்? படகுக்கு டீசல் ஊத்துறனா, என் ரத்தத்த ஊத்துறனான்னே தெரியல” என்றான் பழனிவேல்.

“எங்க கம்பெனி இன்னும் ஒரு சொட்டு எண்ண காய்ச்சலடா மச்சான். சுவரே முடியல.”

“காய்ச்சாமயே இப்படின்னா, காய்ச்சுனா எங்கள கோமணத்தோட வுட்டுடுவீங்க.”

“சோத்துல கைய வெச்சிகினு பேசாத.”

“இந்தச் சோத்துலயும் உப்பு ஜாஸ்தி மாமா. நீங்க தின்றது கம்பெனி உப்பாச்சே, உங்களுக்குத் தெரியாது.”

உத்திராபதி சாம்பார் வாளியை எடுத்து அவன் தலையில் அடித்தான். வாளி காலியாக இருந்தது பழனிவேலின் அதிர்ஷ்டம். வாளி பித்தளையாக இருந்தது அவனுடைய துரதிர்ஷ்டம். நெற்றி பிளந்தது. அந்த ரத்தம் கண்ணை மறைத்த நிலையிலும் அவன் குறி தவறவில்லை. உத்திராபதியின் மூக்கு மூன்றாவது முறை உடைந்தது அன்றைக்குத்தான். குழந்தைக்குக் காது குத்த வந்த ஆசாரி, தன் பங்குக்குச் சிந்தவைத்த ரத்தம் ஒரு துளிதான் என்று பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

டிசம்பருக்குள் உலகம் திரும்பிவிட்டது. ஜூலையில் இருந்த எண்ணெய் விலையில் நாலில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஆலையில் ஆட்களைக் கவனிக்கும் அதிகாரி ஜெயப்பிரகாஷ், உத்திராபதியை அறைக்குக் கூப்பிட்டார். சிதம்பரத்துக்காரர், எம்.பி.ஏ. படித்தவர், காலையில் காரில் வந்து பொழுது சாய்வதற்குள் சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடுபவர்.

“உக்காருங்க. கேட்ல ஆளுங்கள பாதியாக்கணும். இருபது பேர் போதும்.”

“ஏன் சார்? எவனாவது தப்புப் பண்ணிட்டானா?”

“தப்பெல்லாம் இல்ல. உலகத்துல எண்ணெய் விலை விழுந்துடுச்சு. பணம் போடுறவங்க கையைக் கட்டிக்கிட்டாங்க. வேலை நிக்கப்போகுது.”

உத்திராபதிக்கு மீன் ஏலம் ஞாபகம் வந்தது.

“வெல எப்ப சார் வுழும்? மீனு ஜாஸ்தி பட்டாதான வுழும்? மத்தி குவிஞ்சி கெடந்தா ஏலத்துல வெல வுழும். ஆனா அள்ள ஆள் பத்தாது. எண்ண வெல வுழுந்துச்சின்னா எண்ண ஜாஸ்தி வருதுன்னுதான அர்த்தம்? அப்ப ஆளு ஜாஸ்திதான வேணும்?”

எம்.பி.ஏ. படித்த இரண்டு வருடத்தில் ஜெயப்பிரகாஷை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இதில் எங்கோ தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. அது எந்த இடத்தில் என்றுதான் சொல்ல வரவில்லை.

“அது மீன். இது எண்ணெய்ங்க.”

“ரெண்டும் அடியிலேர்ந்துதான சார் மேல வருது?” என்ற உத்திராபதி, நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். “சார், ஆள எறக்கறது எங்க வழக்கம் இல்ல. கோயில்ல சத்தியம் பண்ணியிருக்கேன். நீங்க பங்கக் கொறைங்க. நாப்பது பேரும் பாதிச் சம்பளத்துல நிக்கறோம். வெல ஏறுனா பங்க ஏத்துங்க. அவ்ளோதான?”

“நீங்களா கேக்குறீங்க. நான் கேக்கல” என்றார் ஜெயப்பிரகாஷ், சுவரில் தொங்கிய காலண்டரைச் சாட்சிக்கு வைப்பதுபோல.

இப்படி ஒரு தொழிலாளி தானே வந்து தன் சம்பளத்தை வெட்டிக் கையில் கொடுப்பான் என்று எந்தப் பாடத்திலும் அவர் படித்திருக்கவில்லை. நாற்பது பேரையும் காப்பாற்றிவிட்ட நிறைவோடு உத்திராபதி எழுந்து போனான்.

குப்பத்துக்குள் நுழையும்போதே வெடிச்சத்தம் கேட்டது. கரையில் பழனிவேல் ஆயிரம் வாலா கொளுத்திக்கொண்டிருந்தான். படகுக்காரர்கள் துண்டைச் சுழற்றி ஆடினார்கள்.

“மாமா! டீசல் கொறைச்சிட்டான் மாமா! உலகத்துலயே எண்ண வெல வுழுந்துபோச்சாம்! இன்னும் வுழும்ங்கறாங்க!”

பழனிவேல் சண்டை போட அதைச் சொல்லவில்லை. காதுகுத்துக்குப் பிறகு முதல்முறையாக, உண்மையான சந்தோஷத்தில், மாமனைக் கட்டிப்பிடிக்க வந்தான். உத்திராபதி கையில் அகப்பட்ட துடுப்பால் அவன் முழங்காலில் அடித்தான். பழனிவேல் விழுந்தபடியே எரிந்துகொண்டிருந்த வெடிச்சரத்தை இழுத்து மாமன் காலில் வீசினான். பிறகு இரண்டு பேரும் மணலில் புரண்டார்கள். சட்டை கருகியது, ஒருவன் தோளில் மற்றவனுடைய பல் இறங்கியது. விலக்கப் போனவர்களும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். கேட்டில் வேலை செய்யும் வீட்டுக்காரர்கள் ஒரு பக்கமும் படகு வீட்டுக்காரர்கள் ஒரு பக்கமும் கூடிவிட்டார்கள். பாதிப்பேருக்கு இரண்டு பக்கமும் உறவு என்பதால் அவர்கள் யாரை அடிப்பது என்று தெரியாமல், கைக்கு எட்டியவரை அடித்தார்கள்.

அமிர்தம் ஐஸ் உடைக்கும் கட்டையோடு வந்தாள். முதலில் புருஷனை முதுகில் அடித்தாள். பிறகு தம்பியை.

“ரெண்டு பேருக்கும் ஒரே எண்ண. எனக்கு மட்டும் ரெண்டு பொணமா? ஏந்திரிங்கடா!”

பொங்கல் கழிந்ததும் ஆலையில் வேலை நின்றது. வெல்டர்களை அழைத்துவந்த ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் மறைந்துபோனார். ஒரு காலையில் இருநூறு பேர் இரும்புக் கம்பிகளோடு கேட்டுக்கு வந்தார்கள். தகரக் கொட்டகை ஒன்று எரிந்தது. உள்ளே நின்ற நாற்பது பேரும் பாதிச் சம்பளக்காரர்கள். வெளியே நின்றவர்கள் முழுச் சம்பளமும் போனவர்கள். பாதி இருந்தவன் பாதியைக் காப்பாற்ற, ஒன்றும் இல்லாதவனை அடித்தான்.

பொருளாதாரப் புத்தகங்களில் விலை வீழ்ச்சி என்பது கட்டம் போட்ட தாளில் கீழே இறங்கும் ஒரு கோடு. இங்கே அது ஒரு பீகார்க்காரனின் தாடையில் இறங்கியது. உத்திராபதியின் ஆட்களில் அன்பரசு என்பவன், போன ஐப்பசியில் கல்யாணமானவன், இடது காதில் பாதியை அங்கேயே விட்டான். மணலில் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. “பாதிச் சம்பளத்துக்கு பாதிக் காது போதும்ணே” என்று ஆஸ்பத்திரியில் அவனே சொன்னான்.

ஜெயப்பிரகாஷ் எல்லோரையும் பாராட்டினார். அதே வாரத்தில் உத்திராபதியை மறுபடி கூப்பிட்டார்.

“மேலிடத்துல சொல்லிட்டாங்க. இருபது பேர் போதுமாம்.”

“சார், அதுக்குத்தான பங்கக் கொறச்சோம்?”

“அது டிசம்பர்ல. இது வேற.”

“அப்ப மிச்ச இருவது பேருக்கு முழுச் சம்பளமா?”

“இல்லைங்க. பாதிதான். பாதி போதும்னு நீங்கதானே சொன்னீங்க?”

உத்திராபதி மேசையைக் கவிழ்த்தான். ஜெயப்பிரகாஷ் சுவரோடு ஒட்டிக்கொண்டு, போலீஸ் என்று மெல்லிய குரலில் சொன்னார். உத்திராபதி ஏற்கெனவே ஜெயில் பார்த்தவன். பிறகு மேசையைத் திருப்பி நிறுத்தி, சிதறிய பேனாக்களைப் பொறுக்கி வைத்து, உடைந்த கண்ணாடித் தம்ளரை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனான். கடலில் குறைந்த பங்கு மீன் பட்டால் ஏறும். கம்பெனியில் குறைத்த பங்கு குறைத்த இடத்திலேயே நிற்கும். அதற்குமேல் ஆளையும் குறைப்பார்கள். அவனுக்கு இது புரிந்தபோது இருபது வீட்டில் வேலை போயிருந்தது.

ஊர் கோயில் முன்னால் கூடியது. ஊர்த்தலைவர் ராஜமாணிக்கம் சுற்றி வளைக்கவில்லை.

“சத்தியம் பண்ணதும் நீ. எங்களக் கேக்காம பங்கக் கொறச்சதும் நீ. மாசி மகத்துக்குள்ள அந்த இருவது பேரயும் ஏத்தணும். ஏத்தல, ஊருல உனக்குத் தண்ணியும் இல்ல, நெருப்பும் இல்ல. பொண்டாட்டிய கூட்டிகினு போய்க்கினே இரு.”

“செம்மங்குப்பத்துல கேட்டுப் பாத்தியா?” என்றது ஒரு குரல். அந்த ஊர்க் கெமிக்கல் தொழிற்பேட்டையில் உத்திராபதி கேட்டுப் பார்த்தாயிற்று. அங்கேயே வேலை பார்த்து நிறுத்தப்பட்டவர்கள்தான் வேலை கேட்கும் வரிசையில் முன்னால் நின்றார்கள்.

“ஏன் மாமா, என் படகுல வலை இழுக்க ஒரு ஆள் கொறையுது. வர்றீங்களா?” என்று பழனிவேல் பின்னாலிருந்து கேட்டான்.

உத்திராபதி அவனை அடிக்கவில்லை. அதைக் கண்டுதான் ஊர் முதல்முறையாகப் பயந்தது.

திருடன் இல்லாத இடத்துக்கு நாற்பது காவல்காரர் எதற்கு என்று மேலிடம் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. உத்திராபதி அந்தக் குறையைத் தீர்க்க முடிவு செய்தான். வேலை போன இருபது பேரும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கடல் பக்கமாக உள்ளே வந்து கேபிள் திருட வேண்டும். வேலையில் இருக்கும் இருபது பேரும் அவர்களோடு மோதித் தோற்க வேண்டும். திருட்டு நடு மத்தியானத்தில் என்று முடிவாயிற்று. இரவில் வைத்தால் பார்க்க வேண்டிய ஆள் சிதம்பரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

“அடி நெஜமா இருக்கணும்” என்று அவன் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துச் சொன்னான். “ஆனா மூங்கிக்கழிதான். முதுகு, தொடை, புட்டம். எலும்புமேல எவனும் போடக்கூடாது.”

கேபிளை ஏற்றப் படகு வேண்டும். கம்பெனிக்கு முகம் தெரியாத படகுக்காரன் பழனிவேல் ஒருவன்தான். உத்திராபதி பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கேட்டான்.

“வாடகைல்லாம் வாணாம் மாமா” என்றான் பழனிவேல். “அடிக்கறதுல எனக்கு ஒரு எடம் குடுங்க, போதும்.”

மாசி வெயிலில், ஜெயப்பிரகாஷ் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தயிர்சாத டப்பாவைத் திறந்த நேரத்தில், திருடர்கள் வந்தார்கள். முதலில் எல்லாம் பேசியபடி நடந்தது. கழிகள் முதுகில் விழுந்தன, ஆட்கள் அவசியத்துக்கு அதிகமாக அலறினார்கள். ஆனால் ஒன்றை யாரும் யோசித்திருக்கவில்லை. ஒரு பக்கம் நின்றவர்கள் வேலை போனவர்கள். எதிரே நின்றவர்கள் போகாதவர்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று பெயர் பொறுக்கியது உத்திராபதி. அது எப்படிப் பொறுக்கப்பட்டது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாதமாக ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது.

“ஒனக்கு மட்டும் எப்புட்றா கெடச்சிது?” என்று ஒருவன் துண்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டு அன்பரசுவின் விலாவில் உதைத்தான்.

“ஆஸ்பத்திரில கெடந்தேன்டா நானு! காத குடுத்தேன்டா!”

“எங்கிட்டயும் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்டா!”

மூங்கில்கள் கீழே போயின. தரையில் கிடந்த குழாய்த் துண்டுகள் மேலே வந்தன. தலை உடையும் சத்தம் ஒன்று, பிறகு இன்னொன்று. முகத்துத் துண்டுகள் அவிழ்ந்தன. கட்டிக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேபிள் உருளைக்கு அடியில் தவழ்ந்தான். இரண்டு பேர் அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருவன் எதிரி, மற்றவன் தம்பி. “எலும்புமேல இல்லடா! எலும்புமேல இல்லடா!” என்று கத்திக்கொண்டே உத்திராபதி நடுவில் ஓடி, கண்ணில் பட்டவர்களை எலும்பின்மேல் அடித்து விலக்கினான். பழனிவேல் குழாயை ஓங்கியபோது அன்பரசுவின் தலை இரும்புப் பீப்பாயின் விளிம்பில் சாய்ந்திருந்தது. பழனிவேல் ஆளைப் பார்த்து ஓங்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் ஆள் தெரியவில்லை. உத்திராபதி வலது கையை நீட்டினான். குழாய்க்கும் பீப்பாய்க்கும் நடுவில் அந்தக் கை நசுங்கியது.

கத்தியவன் பழனிவேல்தான். அந்தச் சத்தத்தில் சண்டை நின்றது.

ஜெயப்பிரகாஷின் கார் சிதம்பரம் சாலையில் பறந்தது. பின் இருக்கையில் மாமனின் கையைத் தன் முகத்துத் துண்டாலேயே சுற்றிப் பிடித்துக்கொண்டு பழனிவேல் உட்கார்ந்திருந்தான்.

“கடலூர் பெரியாஸ்பத்திரி கிட்டக்கயாச்சே சார்” என்றான் பழனிவேல்.

“அங்க போனா எப்படி அடிபட்டுச்சுன்னு எழுதுவாங்க. பேசாம வாங்க.” ஒரு கையால் ஓட்டிக்கொண்டே அவர் மேலிடத்துக்குப் பேசினார். “ஆமா சார். அறுபது பேர் சார். கடல் வழியா வந்தாங்க. எல்லாம் வெளியூர்க் கும்பல். நம்ம ஆளுங்க உயிரைக் குடுத்து நின்னாங்க. இருபது பேரை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது சார்.”

“அறுவது பேரா?” என்றான் பழனிவேல்.

“மூடுடா” என்றான் உத்திராபதி, கண்ணைத் திறக்காமல்.

ஜெயப்பிரகாஷ் போனை வைத்தார். “நாற்பது பேருக்கும் ஓகே ஆயிடுச்சு. எனக்கு முகம் தெரியாதுன்னு நினைக்காதீங்க உத்திராபதி. அத்தனை பேரையும் தெரியும். அடுத்த மாசம் அனுப்புற ஆளுங்கள்ல என் பேரும் இருந்துச்சு. கேட்ல ஆள் இல்லேன்னா ஆள் பாக்குற ஆபீசர் எதுக்கு?”

“சம்பளம்?”

“பாதிதான்.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “ஒரு விஷயம். கை இப்படி ஆனவரைக் காவலுக்கு வெக்க முடியாது. கம்பு பிடிக்கணுமில்ல. நாற்பதாவது ஆளா வேற யாரையாவது போட்டுக்கறேன்.”

உத்திராபதி இடது கையை ஓங்கினான். யாரை அடிப்பது என்று தெரியாமல் பழனிவேலை அடித்தான். பழனிவேல் அழுதுகொண்டே வாங்கிக்கொண்டான்.

நடுவில் உள்ள மூன்று விரல்களும் பிழைக்கவில்லை. சுண்டுவிரலும் கட்டைவிரலும் மிஞ்சின. மாசி மகத்தன்று ராஜமாணிக்கம் ஊரைக் கூட்டி, கணக்குச் சரியாக இல்லை என்றார்: இருபது வீடு ஏறிவிட்டது, ஆனால் ஒரு வீடு இறங்கிவிட்டது, அது உத்திராபதியின் வீடு. ஏற்றிக்கொண்ட ஆளை இறக்கக்கூடாது என்ற சத்தியம் அவனுக்கும் சேர்த்துத்தான். பங்கு வீட்டுக்கு, கைக்கு இல்லை. அந்த வீட்டில் கை சரியாக உள்ள ஆள் யார் என்று ஊர் சுற்றிப் பார்த்தது.

ஜெயப்பிரகாஷ் முதலில் மறுத்தார். பெண் காவல் வழக்கமில்லை என்றார். கேட்டில் முப்பத்தொன்பது பேரும் வேலைக்கு ஏறாமல் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஆள் இல்லாத கேட்டைப் பார்த்ததும் அவருக்குத் தன் நாற்காலி ஞாபகம் வந்தது. மத்தியானத்துக்குள் வழக்கம் உண்டாகிவிட்டது.

அமிர்தம் புடவைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிய காலையில் உத்திராபதி வாசலை மறித்து நின்றான்.

“எம் பொண்டாட்டி கேட்ல நிக்கறதா? ஊரு சிரிக்காது?”

“ஊருதான் அனுப்புது. நவுரு.”

“நான் செத்தாப் போயிட்டேன்?”

“செத்தா வேலை போயிடும். ஏறுன ஆளு உசுரோட இருந்தாதான் வீட்டுக்குப் பங்குன்னு ராஜமாணிக்கம் மாமா சொல்லியிருக்காரு. உள்ள போயி ஒல பாரு, பொங்குது.”

அவன் இடது கையை ஓங்கினான். அமிர்தம் நகரவில்லை. கையிலிருந்த பூண் போட்ட கம்பை மெதுவாக அவனுடைய மூக்குக்கு நேராக உயர்த்தினாள்.

“இது கம்பெனிக் கம்பு. நேத்துதான் குடுத்தாங்க. எப்படி இருக்குதுன்னு நானே இன்னும் பாக்கல.”

உத்திராபதி கம்பைப் பார்த்தான். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டான். அவள் மணலில் இறங்கி நடந்தாள். உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. அவன் இரண்டு விரல் கையால் தட்டைத் தூக்கப் போய், சுட்டுக்கொண்டு, பானையை எட்டி உதைத்தான்.